ஜாக்கி மேல் நின்ற கடை

ஜூலை 9, 2025
இன்று காலை வீட்டுக்கு அடியில் முதல் ஜாக்கி போனது. மொத்தம் நூற்றெண்பது. 2015-இல் இடுப்பளவு, 2023-இல் மார்பளவு என்று எங்கள் சடையங்குப்பத்து வெள்ளத்தில் இரண்டு முறை அரிசியையும் பருப்பையும் குளிப்பாட்டியாகிவிட்டது. மூன்றாவது முறைக்கு நான் தயாரில்லை. முன்னால் மளிகைக் கடை, பின்னால் வீடு, எல்லாம் சேர்த்து நாலடி மேலே போகப்போகிறது.

தேவகிருபைக்கு நம்பிக்கை இல்லை. “வீட்டத் தூக்குவாவளாம். கட்டில நகத்துனாலே உங்களுக்கு முதுகு பிடிக்கும்” என்கிறாள். நாகர்கோவிலை விட்டு வந்து இருபத்தாறு வருஷமாகியும் என் மனைவியின் கேலி மட்டும் ஊர் மாறவில்லை.

ஜூலை 11
வேலையை நடத்தும் ராமதாஸ் கடையை மூடச் சொன்னார். நான் சிகாகோ கதையை எடுத்துவிட்டேன். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால், சேற்றில் கிடந்த அந்த ஊரைக் கட்டடம் கட்டடமாக ஜாக்கியில் தூக்கினார்கள். ஒரு வரிசைக் கடைகள் மேலே போகும்போதே உள்ளே வியாபாரம் நடந்திருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்க அரிசி மூட்டை இருந்துச்சா ஆசீர்வாதம் சார்?” என்றார்.

மூட்டைகளை வெளியேற்றினேன். கடை திறந்தே இருந்தது.

ஜூலை 14
விசில். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருகினார்கள். மறுபடி விசில். பக்கத்து வீட்டு கெங்கம்மா தன் இட்லிக் கடையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

“இன்னா நைனா, வூட்ட எங்க தூக்கினு போற, மேல்லோகத்துக்கா?”

அரையடி ஏறிவிட்டது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை! எனக்குத்தான் படபடப்பு.

ஆகஸ்ட் 10
நாலடி! ஒரே ஒரு விஷயம் மறந்துபோனது. கெங்கம்மாவின் மகள் மாயா சர்க்கரை வாங்க வந்தவள், தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, “அங்கிள், சாமிகிட்ட வரம் கேக்கற மாரி கீது” என்றாள். அவசரமாகப் படி கட்டுகிறோம்.

ஆகஸ்ட் 28
எங்கள் வீட்டுக்கும் கெங்கம்மா வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் என் முற்றத்தையும் மேடாக்கிவிட்டேன். பதினெட்டு லோடு கட்டட இடிசல். இனி அரிசி லாரி கடையோடு ஒட்டி நிற்கும். மூட்டையைச் சும்மா தள்ளினால் போதும். தேவகிருபைகூட “பரவாயில்லியே” என்றாள். கல்யாணமான பிறகு இது மூன்றாவது முறை.

அக்டோபர் 7
மழைக்காகக் காத்திருக்கிறேன். வரட்டும்.

அக்டோபர் 22
வந்தது. காலை பத்து மணிக்குத் தெருவில் முழங்கால் அளவு. கடைக்குள் ஒரு சொட்டு இல்லை. ஷட்டரைத் திறந்து ராஜா மாதிரி நின்றேன். அப்போதுதான் கெங்கம்மா இட்லிக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“உன் வூட்ட தூக்கிகின நைனா. என் வூட்ட முழுகடிச்சிட்ட.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு நின்றார்.

போய்ப் பார்த்தேன். தெருத் தண்ணீர் இத்தனை வருஷமும் என் முற்றம் வழியாகத்தான் பின்னால் இருக்கிற கால்வாய்க்கு ஓடியிருக்கிறது. அந்த வழியில்தான் பதினெட்டு லோடு கொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் போக இடமில்லாமல் அவர் வீட்டு அடுப்பின் மேல் ஏறி நிற்கிறது. கிரைண்டர், அரைத்த மாவு, மாயாவின் பாடப் புத்தகங்கள் — ஏலே ஆசீர்வாதம், என்ன காரியம்லே செஞ்சி வச்சிருக்க!

அக்டோபர் 23
டகோமா தொங்கு பாலத்தைப் பற்றி எத்தனை பேரிடம் அளந்திருப்பேன். திறந்து நாலே மாதத்தில் காற்றில் ஆடி ஆடி விழுந்தது. பாரத்தைப் பார்த்த இன்ஜினியர்கள் காற்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்று கடையில் நின்று சிரித்திருக்கிறேன். நான் ஜாக்கி பார்த்தேன், சுவர் பார்த்தேன், லாரி பார்த்தேன். தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்தேனா? வெட்கமாக இருக்கிறது.

தேவகிருபையிடம் சொன்னேன். “வெக்கப்பட்டா தண்ணி வடியுமா? ஆள விளிங்க” என்றாள்.

அக்டோபர் 24
ஜேசிபி வைத்து முற்றத்தின் குறுக்கே வெட்டினோம். மதியத்துக்குள் கெங்கம்மா வீட்டில் தரை தெரிந்தது. துடைப்பம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

நவம்பர் 9
பதினெட்டாவது லோடும் வெளியே போனது. முற்றம் பழையபடி பள்ளம். கிரைண்டரை ரிப்பேர் செய்து கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டார். ஆனால் பேச்சு இல்லை. மாயா வேறு கடையில் சர்க்கரை வாங்குகிறாள்.

டிசம்பர் 3
மூன்றாவது நாளாக மழை. முற்றத்தில் தண்ணீர் ஆறு மாதிரி கால்வாய்க்கு ஓடுகிறது. லாரி உள்ளே வர முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கூலியாள் யாரும் வரவில்லை, நானே சுமந்தேன். இரண்டாவது மூட்டையிலேயே மூச்சு வாங்கியது. கெங்கம்மா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்த அப்பால வெச்சிட்டு வா நைனா. இட்லி வெந்துகினு கீது.”

போனேன். ஈரக்காலோடு உள்ளே நுழையத் தயங்கினேன், தரை அவ்வளவு காய்ந்து கிடந்தது.