புனிதவதி ரீச்சரின் றேடியோ

இஞ்சாருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினிக்குள்ளை மூடி வைச்சிருக்கு. நான் அக்கா வீட்டை போறன்.

புனிதவதி ரீச்சரின்ரை றேடியோ இரையுது, அதைத் திருத்தவெண்டு கிழமைக்குக் கிழமை அவா வீட்டை போனியள். நேற்று அதை இஞ்சை தூக்கிக்கொண்டு வந்தியள். இண்டைக்குச் சரீப் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போகேக்கை பக்கத்து அரிசி மில்லை நிப்பாட்டினார். அப்ப போட்டுப் பார்த்தன். ஒரு இரைச்சலும் இல்லை, பாட்டு வடிவாய்க் கேட்டுது. அவர் திரும்பி வந்து மோட்டரைப் போட்டதும் குசினி லைற் மங்கிச்சு, றேடியோவும் இரைஞ்சுது. ஊருக்கே ஒரு கரண்ட் கம்பிதானே. எங்கட றேடியோவும் அப்பிடித்தான் இரையுது. அதை ஏன் நீங்கள் ஒருநாளும் திருத்தேல்லை?

ரீச்சரின்ரையை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிட்டன். திறப்பு என்னட்டை.

இராசமலர்

மறந்திட்டன்: பின்னேரம் ரீச்சர் வந்தால், வாற வெள்ளி ஜும்மா நேரம் வரச் சொல்லுங்கோ. நானே திருத்திக் குடுக்கிறன்.