மாடிக்காரரின் தும்மல்

ஜூன் 3, திங்கள்

இன்றும் அதே கதை. மாடிக்காரர் என் காரில் ஏறினார், பெல்ட் போட்டார், நான் ஏசியைப் போட்டேன், தும்ம ஆரம்பித்துவிட்டார். இறங்கும்போது மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. "ஸாரிங்க" என்றார், என் சொத்தை அபகரித்துவிட்ட மாதிரி.

நான் கீழே பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். அவர் அதே கட்டடத்தின் மாடியில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். பெயர் தெரியும் முன்பே மாடிக்காரர் என்று வைத்துவிட்டேன், இன்னும் அதுதான் வருகிறது. மழையில் பஸ்ஸுக்கு நின்றவரை ஒருநாள் ஏற்றினேன், மூன்று மாதமாகத் தினமும் கூட வருகிறார். அந்தக் கொஞ்ச நேரப் பயணத்துக்காகத்தான் நான் எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், துணிக்கு இஸ்திரி போடுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா? தேவைதான்.

ஜூன் 5, புதன்

சென்ட் போடாமல் போனேன். தும்மினார்.

ஜூன் 6, வியாழன்

சென்ட் இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு எண்ணெய்கூட இல்லை. பேய் மாதிரி போய் உட்கார்ந்தேன். அப்போதும் தும்மினார்! அப்படியானால்... நானேதானா?

அக்காவிடம் போனில் புலம்பினேன். "உன்னைப் பார்த்தாலே ஒருத்தருக்குத் தும்மல் வருதுன்னா அதுக்குப் பேரு அலர்ஜிடி" என்றாள். கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 7, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

"திங்கள்லேர்ந்து நான் பஸ்லயே போயிடறேங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

யாருக்கு சிரமம்? நான் சொன்னேனா? அழவேண்டிய நேரத்தில் "சரிங்க" என்று ஈயென இளித்துவைத்தேன். கிளினிக்கில் வேர்ச்சிகிச்சைக்கு வந்தவரைப் பல் சுத்தம் செய்கிற அறைக்கு அனுப்பிவிட்டேன். டாக்டர் முறைத்தார்.

ஜூன் 8, சனி

நான் இல்லை! நான் இல்லவே இல்லை!

என்னை விட்டால் மிச்சம் இருப்பது வண்டிதானே என்று மெக்கானிக் அண்ணனிடம் அதை விட்டு, உள்ளே உட்கார்ந்தால் தும்மல் வருகிறது என்றேன்.

"உங்களுக்கா?"

"எனக்கு வராது. பக்கத்துல உட்கார்றவங்களுக்கு."

ஒரு மாதிரி பார்த்தார். "ஏசி ஃபில்டர் எப்பம்மா மாத்தினீங்க?"

"அப்படின்னா?"

அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம். டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னால் கையை விட்டு, ஒரு அட்டையை உருவினார். வண்டிக்குள் வருகிற காற்றெல்லாம் அது வழியாகத்தான் வருமாம். கரேலென்று தூசி, அதில் சருகு, பஞ்சு, ஒரு இறகு வேறு. "பழைய வண்டி வெச்சிருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. ஆயிலை மாத்துவாங்க, டயரை மாத்துவாங்க, இதைத் தொடவே மாட்டாங்க." வண்டிக்குப் பதினைந்து வயது. நானும் தொட்டதில்லை. என் பக்கத்துக் காற்றுத் துவாரம் என்றைக்கோ உடைந்து மூடிக்கொண்டது, அதனால் மொத்தக் குப்பையும் நேரே அவர் மூஞ்சிக்கே போயிருக்கிறது, பாவம்.

அந்த அழுக்கு அட்டையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறைதான். அண்ணனிடம் புது ஃபில்டர் இல்லை, செவ்வாய் வரும் என்றார். செவ்வாய் வரை உயிரோடு இருக்க வேண்டாமா? கடையில் நானே வாங்கிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

நானே மாட்டிவிட்டேன்! ஒரு நகம் போச்சு. ஃபில்டரில் இருக்கிற அம்புக்குறி கீழே பார்க்கவேண்டும் என்று அண்ணன் சொன்னதை மறக்கவில்லை. பெட்டியை மூடியபின் ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது எங்கே இருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவருக்குச் செய்தி அனுப்பினேன்: "வண்டில ஃபில்டர் மாத்தியாச்சு. நாளைக்கு ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

"வர்றேங்க" என்று பதில். ஒரே வார்த்தை. அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் நல்ல மழை. ஏறினார். ஏசியைப் போட்டேன். தும்மல் இல்லை! அடுத்த தெரு வரை இல்லை! நான் தரையில் இல்லை. அப்புறம் பார்த்தால் கண்ணாடி முழுக்க ஆவி. ஃபேன் கத்துகிறது, காற்று மட்டும் வரவில்லை. எதிரே பஸ்ஸா சுவரா ஒன்றும் தெரியாமல் ஒரு செருப்புக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

"ஃபில்டரை யாருங்க மாட்டினது?"

"நான்தான்" என்றேன், பெருமையாக.

பெட்டியைத் திறந்து வெளியே எடுத்தார். புத்தம்புது ஃபில்டர், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு.

"கவரைப் பிரிக்கணுங்க."

ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன், ஹாரன் அடித்தது. அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, தொடையைத் தட்டித் தட்டி. இந்த மனுஷனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா?

"வண்டியாலதான் தும்மல்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா இனிமே வராதீங்கன்னுடுவீங்களோன்னு பயம். தினமும் அலர்ஜி மாத்திரை போட்டுட்டுத்தான் ஏறுவேன்."

"மாத்திரை போட்டுமா அந்தத் தும்மல்?"

"போடலைன்னா வண்டியே குலுங்கியிருக்கும்."

"அப்புறம் எதுக்கு பஸ்?"

"அதைப் போட்டா தூக்கமா வருது. போன வாரம் ஒரு ரெண்டு மாடி வீட்டுக்குப் படியே வரையலை. முதலாளி சீட்டைக் கிழிச்சிடுவேன்னுட்டார்."

மூன்று மாதம்! இந்தக் குப்பை வண்டியில், என் பக்கத்தில் உட்கார, மூன்று மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறார்! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம்.

இரண்டு பேருக்கும் லேட். டாக்டர் முறைத்தார். முறைக்கட்டுமே!

ஜூன் 11, செவ்வாய்

கவர் பிரித்த ஃபில்டர். ஜிலுஜிலுவென்று காற்று. வேண்டுமென்றே சுற்றுவழியில் போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், பின்சீட்டில் அக்காவும் அவர் அம்மாவும். அந்த அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் இத்தனை நாளும் "வாங்க", "இந்தாங்க" என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து, "குளுருதும்மா" என்றார்.

"குறைச்சுட்டேன் அத்தை. இப்ப சரியா இருக்கா?"

தானாக வந்துவிட்டது. அக்கா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள். அவர் சாலையையே பார்த்து ஓட்டினார், காது மட்டும் சிவந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் குறைம்மா" என்றார் அத்தை.