நெற்றியில் இரண்டு திருகு

2091 மார்ச் 3, காலை 06:10. பனிச் சுரங்கம், நிலவின் தென்முனை

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் செண்பகவல்லி, இந்தப் பனிச் சுரங்கத்தின் கவசப் பரிசோதகர். சோதனைக்கூடத்தில் நான் ஒருத்திதான். துணைக்கு ஒரு சுடும் குழாயும் வரிசையாகக் களிமண் தலைகளும்.

புதிய எடைகுறைந்த தலைக்கவசத்தின் மாதிரி வந்தது. பனிக்கட்டி லாரிகளை மறித்துச் சுடும் கும்பலிடமிருந்து நம் காவலர்களின் தலையைக் காப்பது இதன் வேலை. நெற்றி, பிடரி, இரு காது என நான்கு பக்கமும் சுட்டேன். ஓடு உள்வாங்கியது, உடையவில்லை. களிமண்ணில் லேசான பள்ளம்தான்.

விளக்கும் கேமராவும் விளிம்பில் கவ்விக்கொள்ளும் கிளிப்பில் நிற்கின்றன. ஓட்டில் ஒரு துளைகூட இல்லை. செய்தவன் கெட்டிக்காரன். வேலைக்கு வந்து இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு பொருளைப் பாராட்டி எழுதுகிறேன்.

மார்ச் 19, மாலை 16:40

பாராட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

மொத்தச் சரக்கும் வந்து இறங்கியது. ஒவ்வொரு கவசத்தின் நெற்றியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் 'உபயம்' என்று போட்டு, சுரங்க நிறுவனத் தலைவரின் பெயர், பட்டம், அவர் அப்பாவின் பெயர். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதுவார்களே, அந்தப் புத்தி நிலவு வரைக்கும் வந்துவிட்டது. தகட்டை ஒட்டியிருந்தாலும் போகட்டும். ஓட்டைத் துளைத்து இரண்டு திருகு போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

தகட்டின் மேல் சுட்டேன். ஓடு தாங்கியது. திருகு தாங்கவில்லை. இரண்டும் களிமண் மூளைக்குள் விரல் நீளம் இறங்கிக் கிடந்தன. குண்டால் செய்ய முடியாததை உபயதாரர் செய்துவிட்டார்.

தகட்டைக் கழற்றி, துளைக்குப் பக்கத்தில் சுட்டேன். தாங்கியது. ஆகவே மருந்து எளிது. தகடும் திருகும் போக வேண்டும். அப்படியே அறிக்கை அனுப்பினேன்.

மார்ச் 21, காலை 09:05

தலைமையகத்து அதிகாரி ஞானசபாபதியிடமிருந்து பதில்:

"மேடம், தலைவர் ஆசையா குடுத்தது. தகட்டை எடுக்கச் சொன்னா மனசு கஷ்டப்படுவார். மாதிரி பாஸ் ஆயிடுச்சுல்ல, அதையே வச்சுக்குவோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

களிமண் தலையின் படத்தை மறுபடி அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை என்று ஒரு வரி வந்தது. தூ.

மார்ச் 22, காலை 07:30

மேலிடத்தை நம்பிப் பயனில்லை. காவல் அணித்தலைவர் மரியசெல்வத்திடம் நேற்றே நேரடியாகச் சொன்னேன். தூத்துக்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், கேள்வி கேட்காமல் புரிந்துகொள்கிற ஆள். அவருடைய ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து தகடுகளைக் கழற்றினார்கள். அவர் மட்டும் தன் தகட்டைக் கழற்றவில்லை. இன்று தலைவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து வீடியோ எடுக்கிறார்களாம். அணித்தலைவர் தகட்டோடு கேமரா முன் நிற்க வேண்டும் என்று உத்தரவு. வேண்டாம் என்று ரேடியோவில் சொன்னேன். அவர் சொன்னது:

"யக்கா, வீடியோ முடிஞ்ச கையோட கழட்டிருதேன். நம்ம பயலுவ எல்லாம் கழட்டியாச்சுல்லா. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

11:50

வாழ்த்துப் பாட்டு பாதியில் இருக்கும்போது சைரன். கும்பல் லாரிப் பாதையில் புகுந்துவிட்டது. அணி அப்படியே ஓடியது.

12:35

எல்லாரும் திரும்பினார்கள், அவரைத் தவிர.

மார்ச் 23

கவசத்தை என்னிடம் அனுப்பினார்கள். ஓட்டில் சின்னப் பள்ளம். உள்ளே இரண்டு துளை. திருகுகளை டாக்டர் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

அறிக்கை எழுதினேன். இந்த முறை மரியாதை எதுவும் வைக்கவில்லை. கொன்றது கும்பல் இல்லை, நீங்கள் என்று எழுதினேன். திருகைக் கழற்றித் தகட்டை எடுத்துவிட்ட காவலன் ஒருவன் அதே மோதலில் நெற்றியில் குண்டு வாங்கி, தலைவலியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதையும் எழுதினேன்.

ஏப்ரல் 30, காலை 08:15

என் அறிக்கையை உண்மையிலேயே படித்திருக்கிறார்கள். அதுதான் இன்னும் அருவருப்பு.

புதிய கவசங்கள் வந்தன. நெற்றியில் மறுபடி பித்தளைத் தகடு, முன்னைவிடப் பெரியது. மேலே 'வீரர் மரியசெல்வம் நினைவாக'. கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், உபயதாரர். காவலர்கள் திருகைக் கழற்றிவிட்டார்கள் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, அதை மட்டும் கவனித்துத் திருத்தியிருக்கிறார்கள். திருகு இல்லை. ஆறு ரிவெட் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். கழற்ற வழியில்லை.

பழைய கவசங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தேர்ச்சிச் சான்றில் என் கையெழுத்து இருக்கிறது. நான் போடவில்லை.

10:20

ரிவெட்டின் மேல் சுட்டேன். ஆறும் உள்ளே.

காவலர்களிடம் காட்ட ஓடினேன். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் தகட்டிலுள்ள மரியசெல்வத்தின் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிலர் அழுதார்கள். இதை வெட்டி எடுக்க வேண்டும் என்றேன். ஒருவன் கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணன் பேர அறுக்கச் சொல்லுதீயளேக்கா. உங்களுக்கு எப்படி மனசு வருது?"

10:55

அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். எழுதுவதை இங்கிருந்தே பேசிப் பதிகிறேன். ஒரு கவசத்தையாவது பிடுங்கிவிட வேண்டும்.

சைரன்.

ஓடுகிறார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லார் நெற்றியிலும் மரியசெல்வத்தின் பெயர். டேய், நில்லுங்கடா, ஒருத்தனாவது