தராசில் ஏறி நின்ற அக்கா

மார்கழி 9, புதன்

படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

சாமை கொள்முதலுக்காக முதல் தடவையாக இன்று கல்வராயன் மலைக்குப் போனேன். பார்த்ததுமே அங்குள்ள விவசாயிகளுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டுமே என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். பையில் ஐம்பது விசிட்டிங் கார்டு. சங்கராபுரத்திலிருந்து வேனை ஓட்டியபடியே, வளைவுக்கு வளைவு பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்தேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வேனில் இருந்த எலக்ட்ரானிக் தராசின் மேல்.

"அத்த எறக்கி வைங்க" என்றார் நடுவயது அக்கா ஒருவர். வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவரே அதன்மேல் ஏறி நின்றுவிட்டார்!

"போன வியாபாரி தராசுல நான் நாப்பத்திரண்டு. நேத்து ஆஸ்பத்திரில நாப்பத்தெட்டு. உங்களுது இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

மலைப்பாதை முழுக்கக் குலுங்கி வந்த தராசு அது. எண்கள் ஏறி, இறங்கி, நின்றன. நாற்பத்தெட்டு!

அக்கா சிரிக்கக்கூட இல்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "மூட்டய எடுத்துக்கினு வாங்க" என்றார். அரை மணி நேரத்தில் வேன் நிறைந்துவிட்டது.

ஐம்பது கார்டும் அப்படியே பையில் இருக்கின்றன. என் பெயரை யாரும் கேட்கவே இல்லை. கிளம்பும்போது அந்த அக்காதான் ஜன்னல் பக்கம் வந்தார்.

"தராசுக்காரரே, வளைவு ஜாஸ்தி. பாத்து எறங்குங்க. அடுத்த வாரம் வரணும் இல்ல?"