ஈசான மூலைக் குழி

ட்ருகனினா, மெல்பேண்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் நோவு எப்படி? போனில் கதைத்தால் பாதியில் அழத் தொடங்குவீர்கள், அதுதான் ஈமெயிலில் எழுதுகிறேன். காணி எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. வருகிற ஞாயிறு ஐயர் அத்திவாரக் கல் வைக்கிறார். இங்கே அத்திவாரம் வெட்டுவதில்லை, தட்டையாகக் கொங்கிறீற்றுத்தான். ஆனாலும் கல் வைக்காமல் வீடு கட்டலாமா? வீடு கட்டுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டு, ஈசான மூலையில் சின்னக் குழி வெட்ட அனுமதி வாங்கினேன். அதற்கு மேலேதான் உங்கள் அறை வரும், சமைக்கக் குசினியும் பக்கத்தில்.

சுற்றிவர லொறிகளும் பெரிய ஸ்டோர்களும். மாதத்துக்கொரு புதுத் தெரு. முந்தி இங்கே ஒன்றுமே இல்லையாம், வெறும் புல்லாம். காணி விற்றவர் சொன்னார்.

தம்பி யதுர்சன்

சிட்னி
11.2.2025

என் செல்ல யது,

இப்போதாவது அக்காவின் நினைப்பு வந்ததே. வாடகை வீட்டை விடுவதாகச் சொல்லிவிட்டேன். சட்டி பானைகூடக் கட்டியாயிற்று. இனி உன்னோடுதான்.

ஒன்றுமே இல்லை என்று யார் பார்த்தது? ஊரில் எங்கள் வளவைக் கம்பி அடைத்து எடுத்த ஆமிக்காரரும் வெறும் பற்றை என்றுதான் சொன்னார்கள். பிறந்து மாதம் திரும்பாமல் செத்த எங்கள் தங்கச்சியைத் தாட்டது அந்த வேலிக்குள்தான். அம்மா கண்மூடும்வரை அந்த மூலையைத்தான் கேட்டா. விசாரித்துப் பார், ராசா.

அக்கா விமலாதேவி

ட்ருகனினா
16.2.2025

அன்புள்ள அக்கா,

குழியை நான்தான் வெட்டினேன். முழங்கை ஆழத்தில் எலும்புகள். சின்னவை. ஐயர் பால்செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். என்னோடு வேலை செய்கிற தேவராஜா அங்கிள், "நாயின்ர எலும்படா தம்பி, மூடு. சொன்னியெண்டால் வேலையை நிப்பாட்டிப் போடுவாங்கள். பிறகு உன்ர அக்கா எங்க வந்து இருக்கிறது?" என்றார். மூடினேன். நவதானியத்தையும் அதற்குள்ளேயே கொட்டினேன். வியாழன் கொங்கிறீற்று ஊற்றுகிறார்கள்.

அக்கா, நாயை முழங்கால் மடித்துப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்களா? யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வந்தால் போதும்.

யது

சிட்னி
17.2.2025

யது,

கொங்கிறீற்று லொறியை வரவேண்டாம் என்று சொல். பொலிசுக்குச் சொல், அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் சொல். அதுவும் ஒருத்தி பெற்ற பிள்ளை. வீடு போனால் போகட்டும், நாங்கள் வாடகைக்கு இருந்து பழகின ஆட்கள். அந்தப் பிள்ளைக்கு மேலே கட்டில் போட்டு நான் படுக்க மாட்டேன். புதன் இரவுவரை பொறுப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அக்கா

ட்ருகனினா
21.2.2025

அன்புள்ள அக்கா,

புதன் காலையே கொங்கிறீற்று ஊற்றியாயிற்று. லொறியை முந்தி வரச் சொன்னது நான்தான். பிறகு எத்தனையோ தரம் போன் எடுத்தேன். நீங்கள் கதைக்கவில்லை.

இதை ரோட்டுக்கு இந்தப் பக்கம் காரில் இருந்து எழுதுகிறேன். காணியைச் சுற்றிப் பொலிஸ் நாடா கட்டியிருக்கிறது. மெசின்கள் ஓடவில்லை. வேலியடியில் ஆதிக்குடிப் பெண்கள் சிலர் காலையிலிருந்து நிற்கிறார்கள், ஈசான மூலையைப் பார்த்தபடி. நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நீங்கள். கையில் பெட்டி ஒன்றும் இல்லை. அவர்களில் ஒரு வயதான அம்மா தன் கதிரையை உங்களுக்குக் கொடுத்தார், அதில் உட்கார்ந்தீர்கள்.

நான் கார்க் கதவைத் திறந்தேன். சத்தத்துக்குத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு அந்த மூலைக்கே திரும்பிக்கொண்டீர்கள்.

கதவைச் சாத்திவிட்டேன். பதில் போடுங்கள் அக்கா.

யது