காலி என்றால் காற்று

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் தமிழரசுவுக்கு, திருப்பதியிலிருந்து உன் தாய்மாமன் துலுக்காணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்வான், அவனுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் நீ பாதியில் கட் பண்ணிவிடுவாய். காகிதத்தை அப்படிப் பண்ண முடியாது. ரூபா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் உங்கம்மாவோடு அதே லாட்ஜ் லாண்டரியில் துணி மடிக்கிறவள்.

அந்த லாண்டரிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினது யார்? நான்தான். முப்பத்தாறு அங்குலம், ஹெவி டியூட்டி. முதல் நாள் சுவிட்சைத் தட்டினபோது வெளியே பறந்த காக்கா பின்னாலேயே போனது. ரேணிகுண்டாவில் இறங்க வந்த விமானம்கூடக் கொஞ்சம் ஆடினதாகக் கேள்வி. படித்த இன்ஜினீயர்கள் வந்து பார்த்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஃபேனைத்தான் மேனேஜர் திலீப் கழற்றிக்கொண்டு போய்க் கிச்சனில் மாட்டிவிட்டான். சாப்பிடுகிற ஹாலுக்குத் தாளிப்புப் புகை வருகிறதாம். பக்தர்கள் தும்மினால் அவனுக்குக் கேட்கும், கீழ்த்தளத்தில் துவைக்கிற பொம்பளைகள் வெந்தால் கேட்காது அல்லவா? டிரையர் சூடும் வெந்நீர் ஆவியும் பிளீச்சிங் நாற்றமும் போக வழியில்லாமல் அறை இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை உங்கம்மா டிரையர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மயங்கி விழுந்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உட்கார்ந்தாள், கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நெற்றியில் தையல்கூட மூணே மூணுதான்.

நான் விடுவேனா? தையல் போட்ட கையோடு உங்கம்மாவும் மற்றப் பொம்பளைகளும் பின்னால் வர, நேரே திலீப்பின் அறைக்குப் போனேன். அவன் குண்டூர்ப் பக்கத்து ஆள், தமிழ் ஒரு சொல் தெரியாது. என் தெலுங்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், சித்தூர் கோர்ட்டில் வக்கீல்களே வாய்பிளந்து கேட்பார்கள். ஆனால் அன்றைக்குக் கோபத்தில் நாக்கு தமிழுக்குத் திரும்பிவிட்டது. காற்றுக்குத் தெலுங்கில் ‘காலி’ என்பார்கள், முதல் எழுத்தை ‘கங்கை’க்குச் சொல்கிற மாதிரி கனமாகச் சொல்ல வேண்டும். நான் நம்ம வீடு காலி, பானை காலி என்கிற மாதிரி லேசாகச் சொல்லி, “எங்களுக்குக் காலி காவாலி” என்று மேஜையைத் தட்டினேன். காற்று வேண்டும் என்று நான் கேட்டது, இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று அவன் காதில் விழுந்தது. அவன் கதவைக் காட்டி, “காலி சேயண்டி” என்றான். எல்லோரும் வெளியே போங்கள் என்று அர்த்தம்.

பின்னால் நின்ற பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். உங்கம்மா, “சார் போகச் சொல்றாரு, வாங்கடி” என்று முதலில் நடந்தாள். அத்தனை பேரும் போய் ஜெனரேட்டர் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டிரைக் என்கிறான் திலீப். அவன்தானே போகச் சொன்னான்! இதெல்லாம் நான் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அழுக்கு பெட்ஷீட் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. மலை இறங்கி வந்த ஹைதராபாத் குடும்பம் விரிப்பு இல்லாமல் ரிசப்ஷனில் கத்தினது. திலீப்பே டிரையரை ஓட்டக் கீழே இறங்கினான். பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். ரூபா அவனைப் பார்த்து, “இன்னா சார், உள்ள ஏசி போட்டுகீதா?” என்று கேட்டாள்.

இப்போது இறங்கி வந்திருக்கிறான். புது ஃபேன் வாங்குகிறேன் என்கிறான். ஆனால் உங்கம்மாவைப் பேர் சொல்லி, வெங்கடலட்சுமிதான் தம்பியைத் தூண்டிவிட்டாள், அவள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறான். “அக்கா வராட்டி நாங்க ஒரு துணி தொட மாட்டோம், நீயே தொவச்சிக்கினு கெட” என்று ரூபா அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

யாரும் மசியவில்லை. நேற்று நீ போன் பண்ணி, வேலை போய்விடும், ஒரு சாரி சொல்லிவிடு அம்மா என்று சொன்னாயே, அதில்தான் உங்கம்மா மசிந்துவிட்டாள். “பையனே சொல்லிட்டான்டா துலுக்காணம். விடிஞ்சதும் காலீல போயி சொல்லிட்டு வந்துடறேன், நீ வாய மூடிக்கினு இரு” என்கிறாள். எதற்குச் சாரி? விழுந்ததற்கா? அவள் குனிந்தால் மற்றவர்களும் குனிவார்கள், ஃபேன் பேச்சை அவன் அத்தோடு மறந்துவிடுவான்.

என் பேச்சை நான் பிறந்ததிலிருந்து அவள் கேட்டதில்லை. உன் பேச்சைத்தான் கேட்பாள். விடிந்ததும் அவள் கிளம்புவதற்குள் போன் போட்டு, நீ யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் அம்மா என்று சொல்.

காக்காவும் விமானமும் நான் சேர்த்தது என்று உனக்குத் தெரியும். இதை நான் சேர்க்கவில்லை: இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, தமிழு.

நீ நல்லா இருக்கணும். அவளும் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் மாமன்
துலுக்காணம்