பூஜையில் வைத்த சாவிப் பெட்டி

பரிதியின் அப்பாவுக்கு வணக்கம்.

அடையாறில் நானும் பரிதியும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை முதல் பரிதியின் கம்ப்யூட்டர் வரை சந்தனம் குங்குமம் வைத்தேன். கூடவே இருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டிக்கும் வைத்தேன். மறுநாள் பார்த்தால் சந்தனம் இடுக்கில் இறங்கியிருந்தது. அவன் குளித்து வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று கத்திமுனையால் மூடியை நெம்பினேன்.

அவன் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, கம்பெனியின் ரகசியச் சாவி அதற்குள்தான் இருந்ததாம். இரும்புச் சாவி இல்லை, கம்பெனிக் கணக்குகளைத் திறக்கும் நீளமான ரகசிய எண்ணாம். கம்ப்யூட்டரில் வைத்தால் திருடிவிடுவார்கள் என்று தனியாகப் பூட்டி வைப்பார்களாம். யாராவது திறந்தால் பெட்டியே சாவியை அழித்துவிடுமாம்; அப்படியே அழிந்தும் போயிற்று.

"இன்னொண்ணு செஞ்சுக்க முடியாதாப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"உள்ள இருக்கறத யாராலயும் நகல் எடுக்க முடியாதும்மா. அதுக்குத்தான் அந்தப் பெட்டியே."

அப்புறம் மூடியோரத்துச் சந்தனத்தைப் பார்த்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. போனில் மேலதிகாரியிடம், "நான்தான் சார் கீழ போட்டு ஒடச்சிட்டேன்" என்றான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குச் சாமி விளக்கேற்றக்கூட எனக்குக் கை வரவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள். சாயங்காலத்தில் சும்மாவாவது ஒரு போன் பண்ணுங்கள்.

நாளைக்குப் பெருங்குடி ஆபீசில் அவனை விசாரிக்கிறார்கள். வேலை போனாலும் போகும். வேண்டாம் என்றுதான் சொல்வான், ஆனாலும் கூடவே போகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது, திறந்தது நான்தான் என்று அவர்களிடம் சொல்லியிருப்பேன்.

அவன் வந்துவிட்டான், தோசை ஊற்ற வேண்டும்.

பொன்மணி